ஜெரோம் கெர்ன்: இடைச்செருகலில் தொடங்கி 'ஷோ போட்' வரை

பழையதட்டு:

ஒரு மாதமாக வீட்டில் 'ஷோ போட்' தவிர வேறொன்றும் ஓடவில்லை. 1927 டிசம்பர் 27 அன்று நியூயார்க்கின் ஸீக்ஃபெல்ட் அரங்கில் மேடையேறிய இசை நாடகம். மெட்டு ஜெரோம் கெர்ன். வசனமும் பாடல் வரிகளும் ஆஸ்கர் ஹாமர்ஸ்டைன். கெர்னைப் பற்றி யார் எழுதினாலும் இந்த நாடகத்தில்தான் தொடங்குகிறார்கள். அப்போது அவருக்கு 42 வயது. நியூயார்க்கின் நாடக வட்டாரமான பிராட்வேயில் இருபது வருடத்துக்கு மேல் உழைத்து முடித்திருந்தார். எனக்குப் பேச ஆசை அந்த முதல் பத்து வருடத்தைப் பற்றி.

அந்தப் பத்து வருடத்தில் அவருடைய தொழிலை ஒரே சொல்லில் சொல்லலாம்: இடைச்செருகல். ஏட்டுச்சுவடி பார்ப்பவர்களிடம் அந்தச் சொல் ஒரு குற்றச்சாட்டு. அன்றைய பிராட்வேயிலோ அது சம்பளம் தரும் வேலை. லண்டனில் ஓடிய ஒரு நாடகத்தைத் தயாரிப்பாளர் வாங்கி வருவார். அதன் பாட்டில் பாதி அமெரிக்கக் காதுக்கு ஏறாது. உடனே உள்ளூர்ப் பையன் ஒருவனைக் கூப்பிட்டு, 'இந்த இடத்தில் ஒரு பாட்டு, அந்த நடிகைக்கு ஒரு பாட்டு' என்று கேட்பார்கள். 1904ல் 'மிஸ்டர் விக்ஸ் ஆஃப் விக்கம்' என்ற இங்கிலாந்து நாடகம் நியூயார்க் வந்தபோது அப்படிக் கூப்பிடப்பட்ட பையன் கெர்ன். வயது 19. மறு வருடமே 'தி ஏர்ல் அண்ட் தி கேர்ள்' நாடகத்தில் அவர் செருகிய 'ஹௌட் யூ லைக் டு ஸ்பூன் வித் மீ' பெரிய வெற்றி. முதல் உலகப் போர் வருவதற்குள் சுமார் முப்பது நாடகங்களில் அவருடைய நூற்றுக்கும் மேற்பட்ட பாடல்கள் புகுந்திருந்தன. அத்தனையும் ஏறக்குறைய அடுத்தவர் நாடகங்கள்.

'ஷோ போட்' திடீரென்று விழுந்த மின்னல் இல்லை, இந்தப் பத்து வருடப் படிப்பின் பலன் என்பது என் எண்ணம். மறுப்பவர்கள் தாராளமாக வாருங்கள்.

மாடிப்படி:

நல்ல இழை. ஒரு அடிப்படைச் சந்தேகம். நான் இரண்டு மணி நேரத்துக்கு இசையமைத்த நாடகத்தில் யாரோ ஒரு பையன் வந்து நாலு பாட்டைச் செருகினால் நான் சும்மா இருப்பேனா? மூல இசையமைப்பாளர்கள் சண்டை போடவில்லையா?

ஜெர்சிவாசி:

போட்டவர் உண்டு. அன்றைய பெரிய இசையமைப்பாளர் விக்டர் ஹெர்பர்ட் தன் நாடகங்களில் வேறு யார் பாட்டும் வரக்கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குவார். ஆனால் அவர் அளவுக்குப் பெயரும் செல்வாக்கும் எத்தனை பேருக்கு இருந்தது? லண்டனில் உட்கார்ந்திருந்தவருக்கு நியூயார்க்கில் என்ன நடக்கிறது என்பதே தாமதமாகத்தான் தெரியவரும்.

காசு இருந்த இடம் இசைத்தாள். ரேடியோ வராத காலம், வீட்டுக்கு வீடு பியானோ. நாடகம் பார்த்துவிட்டு வந்தவர்கள் பாட்டின் தாளை வாங்கி வீட்டில் வாசிப்பார்கள். அதனால் பாட்டை மேடையில் ஏற்றுவது பதிப்பாளருக்குப் பெரிய விளம்பரம். கெர்ன் டி. பி. ஹார்ம்ஸ் பதிப்பகத்தில் மேக்ஸ் ட்ரைஃபஸ் என்பவரிடம் வேலைக்குச் சேர்ந்தார். கடைகடையாகப் போய்ப் பியானோவில் வாசித்துக் காட்டித் தாள் விற்றிருக்கிறார். கொஞ்ச நாளில் அந்தப் பதிப்பகத்திலேயே பங்கும் வாங்கிவிட்டார். கலைஞர் மட்டும் இல்லை, கெட்டிக்கார வியாபாரியும்கூட.

இங்கே ஒரு பழைய பொருள் சந்தையில் அந்தக் காலத்து இசைத்தாள் ஒன்று வாங்கினேன். முகப்பில் நாடகத்தின் பெயர் பெரிய எழுத்தில், நடுவே முட்டை வடிவத்துக்குள் நடிகையின் படம். பாட்டை எழுதியவர்கள் பெயரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பின் அட்டையில் அதே பதிப்பகத்தின் மற்ற பாடல்கள், ஒவ்வொன்றிலும் முதல் சில சுரங்கள் மட்டும் அச்சாகி இருக்கின்றன, ருசி காட்டுவது போல. யாரோ ஒருவர் பென்சிலால் விரல் எண்களைக் குறித்து வைத்திருக்கிறார். கடைசிப் பக்கத்து ஓரம் மட்டும் எண்ணெய்க் கை பட்டு மஞ்சளாகி இருக்கிறது. நூறு வருடத்துக்கு முன் யாரோ இதை வைத்து ஒரு கூடத்தில் வாசித்திருக்கிறார்கள் என்று நினைத்தாலே மனம் நெகிழ்கிறது.

கீபோர்டு_மீனா:

பழையதட்டு சார், இந்தப் பத்து வருடத்தின் முடிவில் வந்த பாட்டை விட்டுவிட்டீர்களே!

1914 ஆகஸ்ட். 'தி கேர்ள் ஃப்ரம் யூட்டா'. இதுவும் லண்டன் சரக்குதான். தயாரிப்பாளர் சார்ல்ஸ் ஃப்ரோமன் வழக்கம்போல கெர்னைக் கூப்பிடுகிறார். அதில் வந்த பாட்டு 'தே டிட்ன்ட் பிலீவ் மீ'. ஜூலியா சாண்டர்சன் பாடினார். என் பியானோ டீச்சர் இதைக் கொடுத்தபோது 'சின்னப் பாட்டுதானே' என்று நினைத்தேன். வாசிக்க வாசிக்கத்தான் புரிந்தது.

அதுவரை மேடைக் காதல் பாட்டு என்றால் பெரும்பாலும் வால்ட்ஸ், ஒன்று-இரண்டு-மூன்று என்று சுழலும். இது நாலு எண்ணிக்கையில் நிதானமாக நடக்கிறது. ஒரு பெண் தோழியிடம் பேசுவது போல இருக்கிறது. குரலை உயர்த்திக் கைதட்டு வாங்கும் இடமே இல்லை. நான் அவர்களிடம் சொல்லப்போகிறேன், கண்டிப்பாகச் சொல்லத்தான் போகிறேன் என்று வரும் இடத்தில் சுரங்கள் நெருக்கி வருகின்றன. சந்தோஷத்தில் வாய் வேகமாகப் பேசுமே, அதே வேகம். அந்த இடத்தை ஒரே சீராக வாசித்தால் பாட்டு செத்துவிடும்.

பின்னாளில் பெரிய இசையமைப்பாளரான ஜார்ஜ் கெர்ஷ்வின் பதினைந்து பதினாறு வயதில் தன் அத்தை கல்யாணத்தில் பேண்ட் வாசித்த கெர்ன் பாட்டைக் கேட்டுத்தான் நாடக இசை பக்கம் திரும்பினார். பின்னால் 1917ல் கெர்னும் விக்டர் ஹெர்பர்ட்டும் இசையமைத்த 'மிஸ் 1917' நாடகத்தின் ஒத்திகைக்குப் பியானோ வாசிக்கும் வேலைக்கும் போனார். அதேபோல் இசையமைப்பாளரான ரிச்சர்ட் ராட்ஜர்ஸ் பள்ளிப் பையனாக இருந்தபோது கெர்னுடைய 'வெரி குட் எடி'யைத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்திருக்கிறார். அடுத்த தலைமுறை முழுவதும் இவர் பாட்டைக் கேட்டு வளர்ந்ததுதான்.

நூலகப்பூனை:

'வெரி குட் எடி' பெயர் வந்துவிட்டதால் நானும் வருகிறேன். இது 1915. முந்தைய வருடம்தான் அந்தப் பாட்டு. அதே 1915 மே மாதம் லூசிடானியா கப்பல் மூழ்கி ஃப்ரோமன் இறந்துபோனார். கெர்னுக்கு லண்டன் வழி அத்தனையும் காட்டியவர் அவர்தான். போரும் வந்துவிட்டதால் லண்டன் நாடகங்களின் வரத்தும் குறைந்தது. செருகுவதற்கு நாடகமே வராவிட்டால் சொந்தமாகத்தானே எழுத வேண்டும்?

39வது தெருவில் பிரின்சஸ் என்று ஒரு குட்டி அரங்கம். மொத்தம் 299 இருக்கைகள். அதில் ராணி, இளவரசன், அறுபது பெண்கள் ஆட்டம் எல்லாம் நிறுத்த இடம் கிடையாது. இரண்டு செட், பதினோரு பேர் வாத்தியக்குழு, அன்றைய நியூயார்க்கில் நடமாடும் மனிதர்களைப் போன்ற பாத்திரங்கள். கை போல்டன் கதை எழுதினார். பாடல் வரிகளுக்கு வந்து சேர்ந்தவர் பி. ஜி. வோட்ஹவுஸ். ஆமாம், ஜீவ்ஸ் கதைகள் எழுதிய அதே வோட்ஹவுஸ்தான்! கல்லூரியில் அவர் புத்தகங்களைத் தேடித்தேடிப் படித்தவள் நான். அவர் நாடகப் பாடலாசிரியர் என்பது எனக்கு முப்பது வயதில்தான் தெரிந்தது. இவர்கள் கூட்டணியில் வந்த 'ஓ, பாய்!' 1917ல் தொடங்கி 463 முறை நடந்தது.

கெர்ன் மெட்டை முதலில் போடுவார், வரி பிறகுதான். வோட்ஹவுஸுக்கும் அதுதான் பிடித்திருந்தது. பாட்டு கதையை நகர்த்த வேண்டும், பாடும் பாத்திரத்தின் குணம் அதில் தெரிய வேண்டும் என்று கெர்ன் 1917லேயே சொல்லிவிட்டார். 'ஷோ போட்'டுக்குப் பத்து வருடம் முன்பு.

மாடிப்படி:

சொன்னார், சரி. செய்தாரா என்பதுதான் என் கேள்வி. பூனை அக்கா கோபப்படாமல் கேளுங்கள். பிரின்சஸ் நாடகப் பாடல்களில் பாதியை ஒரு நாடகத்திலிருந்து எடுத்து இன்னொன்றில் வைத்தாலும் யாருக்கும் தெரியாது. இதற்கு அத்தாட்சி 'ஷோ போட்'டிலேயே இருக்கிறது. அதில் எல்லாரும் உருகும் 'பில்' பாட்டு 1927ல் எழுதியதே இல்லை. 1918ல் 'ஓ, லேடி! லேடி!!' நாடகத்துக்கு வோட்ஹவுஸ் எழுதியது. வெளியூர் வெள்ளோட்டத்தோடு தூக்கிவிட்டார்கள். ஒன்பது வருடம் அலமாரியில் கிடந்த பாட்டைத் தூசி தட்டி வைத்ததற்குப் பெயர் என்ன? நீங்கள் சொன்ன அதே இடைச்செருகல்தானே?

கீபோர்டு_மீனா:

ஐயோ, இது சரியான கேள்வி.

பழையதட்டு:

நண்பரே, இந்தக் கேள்விக்காகத்தான் இழையைத் தொடங்கினேன் என்றே சொல்வேன். அந்தக் காட்சியை ஒருமுறை மனத்துக்குள் ஓட்டிப் பாருங்கள்.

ஜூலி ஒரு காலத்தில் படகு நாடகக் குழுவின் நட்சத்திரம். அவள் உடலில் கறுப்பின ரத்தம் இருக்கிறது என்று தெரிந்ததும் ஊர்ச் சட்டத்தைக் காட்டி அவளை வெளியே தள்ளிவிட்டார்கள். வருடங்கள் போகின்றன. இரண்டாவது அங்கத்தில் சிகாகோவில் டிரோகடேரோ என்ற இசைக்கூடம். பகல் வேளை, நாற்காலிகள் காலி, ஒத்திகை. குடியில் விழுந்து, கணவனும் விட்டுப்போன ஜூலி, பியானோ மேல் உட்கார்ந்து ஒரு பாட்டை ஒத்திகை பார்க்கிறாள். அந்தப் பாட்டு 'பில்'. கதைப்படி அது அவள் மனத்திலிருந்து அப்போது பிறக்கும் பாட்டு இல்லை. யாரோ எப்போதோ எழுதி, இசைக்கூடக்காரர் அவள் கையில் கொடுத்த தாள். எங்கிருந்தோ வந்த பழைய பாட்டுதான் அந்த இடத்தில் நிற்கும்! சாதாரணமான ஓர் ஆணை எதற்கென்று தெரியாமல் நேசிக்கும் எளிய பாட்டு. 1918ல் மணப்பெண் பாத்திரம் பாடியபோது ஒட்டாமல் போன அதே வரிகளை, கைவிடப்பட்ட ஒருத்தி தொழிலுக்காகப் பாடும்போது நம் தொண்டை அடைக்கிறது. ஹாமர்ஸ்டைன் வரிகளைக் கொஞ்சம் மாற்றினார், அவ்வளவுதான்.

இன்னொன்றும் இருக்கிறது. பிறகு அதே டிரோகடேரோவில் கதாநாயகி மக்னோலியா புத்தாண்டு இரவில் பாடுவது 'ஆஃப்டர் தி பால்'. அது கெர்ன் பாட்டே இல்லை. சார்ல்ஸ் ஹாரிஸ் 1892ல் வெளியிட்டு ஊரெல்லாம் விற்ற பாட்டு. கூட்டம் அந்தக் காலத்தில் என்ன பாட்டுக்கு வாய் திறந்து சேர்ந்து பாடியிருக்குமோ அதை அப்படியே கொண்டுவந்து வைத்தார். பத்து வருடம் அடுத்தவர் நாடகத்தில் தன் பாட்டைச் செருகியவர், தன் வாழ்நாளின் பெரிய நாடகத்தில் அடுத்தவர் பாட்டுக்கு இடம் கொடுத்தார்.

முதல் அங்கத்துக்கு வாருங்கள். ஜூலி 'கான்ட் ஹெல்ப் லவின் தட் மேன்' பாடுகிறாள். சமையல்கார குவீனி திகைக்கிறாள்: இது எங்கள் ஆட்கள் மட்டும் பாடும் பாட்டு, உனக்கு எப்படித் தெரியும்? பாட்டுதான் அங்கே துப்பு. அந்தப் பாட்டை எடுத்துவிட்டால் ஜூலியின் ரகசியம் கசியும் வழியே அடைபட்டுவிடும். ஒரு பாட்டு எந்த நாடகத்துக்கும் சொந்தமில்லாமல் இருப்பது எப்படி என்று பத்து வருடம் கற்றவருக்குத்தான், அது சொந்தமாவது எப்படி என்று இவ்வளவு நுணுக்கமாகத் தெரியும்.

மாடிப்படி:

'ஆஃப்டர் தி பால்' விஷயம் எனக்குத் தெரியாது. அந்த இடத்தில் தோற்றுவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன்.

ஜெர்சிவாசி:

சொந்தம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். 1924ல் 'சிட்டிங் ப்ரிட்டி' என்ற நாடகம், மறுபடியும் போல்டன், வோட்ஹவுஸ், கெர்ன் மூவரும். நடன பேண்டுகள் தன் மெட்டை ஜாஸ் பாணியில் உருமாற்றுவது கெர்னுக்குத் தாங்கவில்லை. இந்த நாடகத்தின் பாடல்களை ரேடியோவிலோ, கேபரேயிலோ, இசைத்தட்டிலோ யாரும் வாசிக்கக்கூடாது என்று தடை போட்டார். பாட்டைக் கேட்க வேண்டுமா, அரங்கத்துக்கு வா. நாடகம் 95 காட்சிகளோடு முடிந்தது.

அவர் பக்கம் எனக்கு அனுதாபம் உண்டு, ஆனால் அது தவறான முடிவு. அந்தப் பாடல்களை அன்று ஊர் கேட்டிருந்தால் இன்று நாமும் முணுமுணுத்துக் கொண்டிருப்போம்.

கரையோரம்:

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். 'ஷோ போட்' பற்றி இவ்வளவு பேசிவிட்டு ஒரு விஷயத்தைப் பேசாமல் போகக்கூடாது.

1927ல் திரை விலகியதும் சுமைதூக்கும் கறுப்பினத் தொழிலாளிகள் பாடும் முதல் சொல்லே அவர்களை இழிவாகக் குறிக்கும் சொல். பின்னால் வந்த தயாரிப்புகளில் அதைப் பலமுறை மாற்றினார்கள். குவீனியாக நடித்த டெஸ் கார்டெல்லா இத்தாலிய வம்சத்து வெள்ளைப் பெண், முகத்தில் கரி பூசிக்கொண்டு நடித்தார். பக்கத்தில் ஜோவாக நின்ற ஜூல்ஸ் பிளெட்சோ கறுப்பினப் பாடகர். ஒரே மேடையில் கணவன் மனைவியாக இந்த இருவரும்! கலப்பு ரத்தத்துக்காக ஒரு பெண்ணைத் துரத்துவது கொடுமை என்று சொல்லும் நாடகத்தில்தான் இதுவும் நடந்தது.

'ஷோ போட்'டுக்கு ஆறு வருடம் முன்பு, 1921ல், நோபல் சிஸிலும் யூபி பிளேக்கும் 'ஷஃபிள் அலாங்' போட்டார்கள். எழுதியவர்கள், இசையமைத்தவர்கள், நடித்தவர்கள் எல்லாரும் கறுப்பினத்தவர். 504 காட்சிகள். கெர்னுக்குக் கிடைத்தது போல 299 இருக்கை அரங்கில் நாலைந்து நாடகம் முயன்று பார்க்கும் வசதி பிளேக்குக்குக் கிடைத்திருந்தால்? இதைக் கெர்ன் மேல் பழியாகச் சொல்லவில்லை. அவர் பாட்டை நேசிக்கிறவர்கள் இதையும் சேர்த்து மனத்தில் வைத்திருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

'ஷோ போட்'டில் ஜோ பாடும் 'ஓல் மேன் ரிவர்' கறுப்பினப் பாடகர் பால் ராப்சனை மனத்தில் வைத்து எழுதியது. நியூயார்க்கில் முதலில் அவரால் நடிக்க முடியவில்லை, 1928ல் லண்டனில் பாடினார். பிறகு 1930களின் கடைசியிலிருந்து கச்சேரிகளில் வரியையே மாற்றிவிட்டார். சலித்துப்போனேன், சாகவும் பயம் என்று சொன்ன இடத்தில், சாகும்வரை போராடுவேன் என்று பாடினார். அந்தப் பாட்டில் எனக்கு மிகவும் பிடித்த இடைச்செருகல் அதுதான்.

கீபோர்டு_மீனா:

கரையோரம் சொன்னதைப் படித்துவிட்டு மறுபடி பியானோவில் உட்கார்ந்தேன்.

'ஓல் மேன் ரிவர்' முக்கியப் பகுதி பெரும்பாலும் ஐந்து சுரங்களில் நடக்கிறது. நம் காதுக்கு மோகனத்தின் அதே சுரங்கள். முதல் நாலு அசைகள்: ப ப த ஸ. இப்போது திரை விலகும்போது படகைப் புகழ்ந்து பாடும் 'காட்டன் பிளாஸம்' மெட்டைப் பாருங்கள்: ஸ ஸ த ப. அதே சுரங்கள் தலைகீழாக! ஒன்று வேகம், கொண்டாட்டம். மற்றது நிதானம், பாரம். படகு பார்க்க வந்தவர்களின் குதூகலமும், அந்தப் படகுத்துறையில் மூட்டை சுமப்பவனின் பாட்டும் ஒரே சுரங்களில் செய்தவை. சமையல் அறையில் அம்மாவுக்கு இரண்டையும் பாடிக் காட்டினேன். வெங்காயம் நறுக்குவதை நிறுத்திவிட்டு, 'முதலாவது ஏறிப் போகிறது, இரண்டாவது இறங்கி வருகிறது' என்றார். சங்கீதம் கற்றவர் இல்லை, கேட்டதைச் சொன்னார்.

நூலகப்பூனை:

'ஓல் மேன் ரிவர்' மெட்டை எட்னா ஃபெர்பருக்குக் கெர்ன் பாடிக் காட்டியபோது அவருக்கு மயிர்க்கூச்செறிந்து கண்ணீர் வந்துவிட்டதாக ஃபெர்பரே எழுதியிருக்கிறார். மூல நாவல் அவருடையது, 1926. கெர்ன் பாதி படிக்கும்போதே இதை நாடகமாக்க வேண்டும் என்று துடித்து, விமர்சகர் அலெக்சாண்டர் உல்காட்டிடம் அறிமுகம் கேட்டார். அந்த வருடம் கெர்னின் இன்னொரு நாடகத்தின் முதல் நாள் இரவு, இடைவேளையில், உல்காட் பக்கத்தில் நின்றிருந்தவரே ஃபெர்பர்தான். அங்கேயே அறிமுகம் முடிந்தது.

வாஷிங்டனில் 1927 நவம்பரில் நடந்த வெள்ளோட்டம் நள்ளிரவு தாண்டியும் ஓடியது, நாலு மணி நேரத்துக்கு மேல். வெட்டி வெட்டித்தான் நியூயார்க் கொண்டுவந்தார்கள். 572 காட்சிகள்.

மாடிப்படி:

கடைசியில் அவர் என்ன ஆனார்?

ஜெர்சிவாசி:

1930களில் ஹாலிவுட் போனார், இரண்டு ஆஸ்கர் வாங்கினார். இரண்டாவது 'தி லாஸ்ட் டைம் ஐ சா பாரிஸ்' பாட்டுக்கு. படத்துக்காக எழுதாத பாட்டுக்குப் பரிசு தந்தது சரியில்லை என்று அவரே சொன்னார். அதன்பின் விதியையே மாற்றினார்கள். பாட்டு எந்த இடத்துக்காகப் பிறந்தது என்பதில் அவருக்கு அவ்வளவு கண்டிப்பு.

1945ல் 'ஷோ போட்' மறு தயாரிப்புக்காகவும் ஒரு புது நாடகத்துக்காகவும் நியூயார்க் திரும்பினார். நவம்பர் 5, பார்க் அவென்யூவும் 57வது தெருவும் சேரும் இடத்துக்கு அருகே நடைபாதையில் மயங்கி விழுந்தார். யாரென்று தெரியாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பையில் இருந்த பாடலாசிரியர் சங்க அட்டையை வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள். 11ஆம் தேதி இறந்தார், ஹாமர்ஸ்டைன் பக்கத்தில் இருந்தார். வயது 60. அந்தப் புது நாடகம் அப்புறம் இர்விங் பெர்லின் கைக்குப் போய் 'ஆனி கெட் யுவர் கன்' ஆனது. வேலைக்குப் போகும் வழியில் வாரம் இரண்டு முறை அந்தத் திருப்பத்தைக் கடக்கிறேன். பச்சை விளக்குக்கு நிற்கும்போதெல்லாம் நினைப்பு வந்துவிடும்.

பழையதட்டு:

மறு தயாரிப்பு 1946 ஜனவரி 5 அன்று திரை விலகியது. அதன் நிகழ்ச்சி ஏட்டில் ஹாமர்ஸ்டைன் தன் பெயரில் ஒரு குறிப்பு போட்டார்: 'பில்' பாட்டின் வரிகள் தன்னுடையவை என்று பலரும் நினைக்கிறார்கள், அதை எழுதியவர் வோட்ஹவுஸ். பதினெட்டு வருடமாகத் தன் கணக்கில் ஏறியிருந்த பாட்டை உரியவருக்குத் திருப்பிக் கொடுத்தார்.

மாடிப்படி:

இன்று இரவு 'பில்' கேட்கப்போகிறேன். யார் பாடியதில் தொடங்கட்டும்?

பழையதட்டு:

ஹெலன் மார்கன். 1927 மேடையில் ஜூலியாகப் பாடியவரே 1936 படத்திலும் பாடுகிறார். முகத்தைப் பார்த்துக்கொண்டே கேளுங்கள்.